பொம்மையும் வீடியோ கேமும் வைத்து 11, 12 வயதுப் பிள்ளைக்கு எளிய அறிவியல் சொல்லித்தர முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். ஆனால் இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்தால் பெரிய பலன் இருக்காது. கேம் மட்டும் ஆடும் பிள்ளை எந்த நொடியில் பொத்தானை அழுத்துவது என்பதைத்தான் பழகும். பொம்மையில் ஒன்றை அளந்து, அந்த எண்ணைத் திரையில் போட்டு, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கவையுங்கள். ஒத்துப்போகாத இடம்தான் பொக்கிஷம்.

ஒரு ரப்பர் பந்து போதும். அளவுநாடாவைத் தரையில் பூஜ்யம் வரும்படி சுவரில் ஒட்டுங்கள். பந்தின் அடிப்பக்கம் 100 செ.மீ. கோட்டில் நிற்கப் பிடித்து, தள்ளாமல் விரல்களை மட்டும் விலக்கி விடுங்கள். எழும்பும் உயரத்தையும் பந்தின் அடிப்பக்கத்தை வைத்தே குறியுங்கள். மொபைலில் ஸ்லோமோஷனில் பிடித்தால் உச்சியைத் தெளிவாகப் பார்க்கலாம். மொபைல் 2 மீட்டர் தள்ளி, பந்து எழும்பும் உயரத்திலேயே இருக்கட்டும். பலர் அதைத் தரையில் வைத்துவிடுகிறார்கள். பந்து சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி விழுந்தால், கீழிருந்து பார்க்கும் கேமராவுக்கு அது நாடாவில் 3 செ.மீ. வரை கூடுதலாகத் தெரியும். வெறும் தரையில் செய்யுங்கள்; பாய் விரித்த தரை வேறு எண் தரும். ஐந்து முறை விட்டு, அளவுகளை வரிசைப்படுத்தி நடுவில் வருவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

64 செ.மீ. வந்ததென்று வைத்துக்கொள்வோம். 100க்கு 64, அதாவது 0.64. இதன் வர்க்கமூலம் 0.8. ஒவ்வொரு முறை தரையைத் தொடும்போதும் பந்து தன் வேகத்தில் 80 சதவீதத்தைத் தக்கவைக்கிறது என்று பொருள். வர்க்கமூலம் ஏன்? உயரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் உயரம் கால்பங்காகிவிடும். பிள்ளையிடம் விதியை முதலில் சொல்லாதீர்கள். 0.64ஐயே திரையில் போட்டுப் பார்க்கட்டும். பந்து 40 செ.மீ.கூட எழும்பாதபோது கேள்வி தானாக வரும்.

திரைக்கு ஸ்க்ராட்ச் ஏற்றது; பிளாக்குகளை அடுக்கி நிரல் எழுதும் இலவச மென்பொருள் அது. அதன் மேடை 480க்கு 360 பிக்சல். தரையை ஒய் மதிப்பு -150இல் வைத்து, பந்தை +150இலிருந்து விடுங்கள். நடுவில் 300 பிக்சல், 100 செ.மீ.க்கு 300 என்றால் 1 செ.மீ.க்கு 3 பிக்சல். ஸ்க்ராட்ச் நொடிக்கு 30 பிரேம் ஓடும், அதாவது திரையை நொடிக்கு 30 முறை வரையும். நிஜப் புவியீர்ப்பு வேகத்தை நொடிக்கு நொடி 980 செ.மீ. கூட்டுகிறது. ஆக அது இங்கே 980 × 3 ÷ 900, சுமார் 3.27 (900 என்பது 30 × 30). ‘வேகம்’ என்று ஒரு வேரியபிள், தொடக்கத்தில் பூஜ்யம். ஓயாமல் சுழலும் பிளாக்குக்குள், முதலில் வேகத்தில் 3.27 கழியுங்கள், பிறகு ஒய்யோடு வேகத்தைக் கூட்டுங்கள், ஒய் -150க்குக் கீழே போனால் அதை -150 ஆக்கி, வேகத்தை -0.8ஆல் பெருக்குங்கள். ஒய்யை -150க்குத் திருப்பும் வரியை விட்டுவிட்டால் பந்து தரைக்குள் புதைந்து நடுங்கும். ஏனென்றால் அடுத்த பிரேமிலும் அது தரைக்குக் கீழேதான் இருக்கும். திசை மறுபடி கீழ்நோக்கித் திரும்பிவிடும்.

சரியாகச் செய்தால் பந்து 187 பிக்சல், அதாவது 62 செ.மீ. எழும்பும். 64க்குப் பக்கம்தான். இப்போது தொடக்க இடத்தை +150க்குப் பதில் +145 ஆக்குங்கள். 5 பிக்சல்தான் குறைத்தோம், எழும்பும் உயரமோ 160க்கு இறங்கிவிடும்! நிஜப் பந்தில் இப்படி நடக்கவே நடக்காது. திரைப் பந்து பிரேமுக்கு 40 பிக்சலுக்கு மேல் தாவுகிறது. முதல் முறை 14ஆவது பிரேமில் தரையைக் கடந்தது, இரண்டாம் முறை 13ஆவதிலேயே. ஒரு பிரேம் குறைந்ததால் மோதும் வேகமும் குறைந்துவிட்டது. கேமில் பாத்திரம் மெல்லிய பலகையை ஊடுருவி விழும் கோளாறுக்கும் இந்தத் தாவல்தான் காரணம்.

ஒரு பிரேமை நான்காகப் பிரித்துக் கணக்கிட்டால் இந்தக் குழப்பம் பெரிதும் குறையும். அப்போது ஈர்ப்பை 16ஆல் வகுத்து 0.204 ஆக்க வேண்டும், 4ஆல் அல்ல. கணக்கு வரிகளை நான்கு முறை சுழற்றும் ஒரே தனி பிளாக்காகச் செய்து, திரையைப் புதுப்பிக்காமல் ஓடும் தேர்வை டிக் செய்யுங்கள். மறந்தால் பந்து நாலு மடங்கு மெதுவாக விழும்.

அடுத்து டேபிள் டென்னிஸ் பந்து: 40 மி.மீ., 2.7 கிராம். இதை 30 செ.மீ.இலிருந்தும் 200 செ.மீ.இலிருந்தும் விட்டு, திரும்பி எழும்பும் விகிதத்தை ஒப்பிடுங்கள். உயரத்திலிருந்து விடும்போது விகிதம் குறையும். காற்றின் தடை பெரும்பங்கு. வேகம் இருமடங்கானால் அது சுமார் நான்கு மடங்காகிறது. நம் நிரலில் காற்றே இல்லை என்பதைப் பிள்ளை கண்டுபிடிக்கும் இடம் இது.

கிராபிக்ஸுக்கு ஒரு டார்ச். அட்டையில் 2 செ.மீ. சதுர ஓட்டை வெட்டி, கிராஃப் தாளுக்கு 3 செ.மீ. முன்னால் பிடியுங்கள். டார்ச் 2 மீட்டர் தள்ளி இருக்கட்டும். பக்கத்தில் வைத்தால் ஒளி விரிந்து கணக்கு கெடும். தாளை 60 டிகிரி சாய்த்தால் ஒளிச்சதுரம் கிட்டத்தட்ட 4 செ.மீ. நீளும். அதே ஒளி இருமடங்கு பரப்பில் விழுவதால் பிரகாசம் பாதி. 60 டிகிரியின் கொசைனும் 0.5தான். முப்பரிமாணக் கேம்களில் உருண்டைக்கு நிழல் தரும் அடிப்படைக் கணக்கு இதே கொசைன்தான்.

இங்கே பெரியவர்களே சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கணினியில் நிறத்தின் பிரகாசத்தை 0 (கருப்பு) முதல் 255 (முழு வெள்ளை) வரை எண்ணால் குறிப்பார்கள். பாதி ஒளி வேண்டுமென்று 255இல் பாதியாக 128ஐப் போட்டால், வழக்கமான திரை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஒளியைத்தான் உமிழும். பாதி ஒளிக்கான எண் 188. இருட்டறையில் மொபைலின் ஒளி அளவி செயலியைத் திரைமேல் பிடித்து 128, 188, 255 மூன்றையும் அளக்கச் சொல்லுங்கள்.