வலியோடு நடக்கலாமா?

கேள்வி: இரண்டு வருடமாக இடுப்பு வலி. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற தட்டு) பிதுங்கியிருப்பதாக வந்தது. டாக்டரோ நடக்கச் சொல்கிறார். நடந்தால் இன்னும் பிதுங்காதா?
– வாசகி, கரூர்

பதில்: பயப்படாமல் நடங்கள். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், 20 வயதுக்காரர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கும் 50 வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. ஆகவே, ரிப்போர்ட்டில் இருப்பதுதான் உங்கள் வலிக்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. மூன்று மாதத்தைத் தாண்டிய வலியில் நரம்பு மண்டலமே மிரண்டு போயிருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே. சும்மா குனிந்தால்கூட 'ஆபத்து' என்று கத்தும். வலி கூடினால் உள்ளே ஏதோ கிழிகிறது என்று அர்த்தமில்லை. படுத்தே கிடந்தால்தான் தசை வலுவிழந்து வலி கூடும்.

பலர் சறுக்குவது, வலி குறைந்த நாளில் மொத்த வீட்டையும் கழுவித் தள்ளிவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவதில். வலி அதிகமான நாளில் எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது என்று பாருங்கள். 10 என்றால் 8 நிமிடத்தில் ஆரம்பியுங்கள். நல்ல நாளிலும் 8தான். வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டினால் போதும்.

சிறுநீர் அடைப்பது, மலசலம் அடக்க முடியாமல் போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, கால் பலமிழப்பது – இதில் எது வந்தாலும் நடை வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. வலியோடு காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: கால் எரிச்சலுக்கு இரவில் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. கொடுத்தார்கள். மனச்சோர்வு மாத்திரையாமே! என் வலி கற்பனை என்கிறார்களா?
– வாசகர், தென்காசி

பதில்: இல்லை. மனச்சோர்வுக்கு வழக்கமாக 75 மி.கி. அளவுக்குத் தேவைப்படும். 10 மி.கி. தருவது நரம்பு வலியைத் தணிக்க. பலன் தெரிய இரண்டு, மூன்று வாரமாகலாம். நான்கே நாளில் 'கேட்கவில்லை' என்று நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு. வாய் உலரும், காலையில் தூக்கக் கலக்கம் இருக்கலாம். மாத்திரையை மாலையே சற்று முன்கூட்டிப் போட்டுக்கொண்டால் கலக்கம் குறையும். கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம், இதயத் துடிப்புக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மெடிக்கலில் வாங்கி தினம் ஒரு டைக்ளோபெனாக் வலி மாத்திரை போடுகிறேன். பி.பி. மாத்திரையும் உண்டு. பரவாயில்லையா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: கூடாது. பி.பி. ஏறும், வயிறு புண்ணாகும். உங்கள் பி.பி. மாத்திரை எனலாப்ரில், டெல்மிசார்டன் வகையாக இருந்து, சிறுநீர் பிரியும் மாத்திரையும் டைக்ளோபெனாக்கோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மும்முனை அடி. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, இரண்டு மாத்திரை அட்டைகளையும் டாக்டரிடம் காட்டுங்கள். பி.பி. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.