ஜீன்ஸை முதலில் உள்பக்கம் திருப்புங்கள்: கேள்வி பதில்

வணக்கம். ஜீன்ஸ் தைக்கும் ஏற்றுமதி ஆலைகளில் 18 வருடம் தரச் சோதனைப் பிரிவில் இருந்தேன். எந்த பிராண்டு நல்லது என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரே பிராண்டில் இந்த வருடத் துணி ஒரு மாதிரி, அடுத்த வருடத் துணி வேறு மாதிரி வரும். எதைப் பார்த்து வாங்குவது என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

சேலத்திலிருந்து: அக்கா, 1,500 ரூபாய் ஜீன்ஸையும் 6,000 ரூபாய் ஜீன்ஸையும் கடையில் தொட்டுப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. காசு எங்கேதான் போகிறது?

கொஞ்சம் கடை வாடகைக்கும் விளம்பரத்துக்கும் போகிறது, தம்பி. மிச்சம் எங்கே போனது என்று தெரிய வேண்டுமானால் ஜீன்ஸை உள்பக்கம் திருப்புங்கள். ட்ரையல் ரூம் கண்ணாடியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே இதைச் செய்துவிடுங்கள்.

முதலில் பின் நடுத்தையல். இரண்டு துணி ஓரமும் ஒன்றையொன்று கவ்வி மடிந்து, மேலே இரட்டை வரித் தையல் ஓடியிருக்க வேண்டும். பிசிறே கண்ணில் படக் கூடாது. உள்தொடையில் அதே தையல் இருந்தால் ரொம்ப நல்லது. இல்லையென்றால் ஓவர்லாக் அடித்து, வெளியே மேல்தையல் ஒன்றாவது போட்டிருக்க வேண்டும். வெறும் ஓவர்லாக்கோடு விட்டிருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள்.

அடுத்து, 10 ரூபாய் நாணயத்தை மேல்தையல் மீது வையுங்கள். அதன் அகலம் 27 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலத்தைவிடத் துளி அதிகம். அதற்குள் எட்டுத் தையலாவது எண்ண முடிகிறதா என்று பாருங்கள். ஐந்து ஆறுதான் என்றால் தையல் நேரத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

பிறகு பாக்கெட்டுக்குள் கையை விட்டு, உள்துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். விரல் நிழல் தெரிந்தால் சாவிக்கொத்தும் போனும் ஒரே வருடத்தில் அதை ஓட்டை போட்டுவிடும். காசை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது இந்தத் துணியில்தான், ஏனென்றால் வாங்குகிறவர் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

கடைசியாக நூல். கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கம் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். மலிவாகவும் வேகமாகவும் நூற்பது, சமமாக இருக்கும், ஆனால் பலம் குறைவு. ரிங் ஸ்பன் நூலில் பஞ்சின் இழைகள் நீளவாக்கில் முறுக்கிக்கொண்டு நிற்பதால் இழுவை தாங்கும், தொட்டாலும் மென்மை. அந்த நூலில் நெய்த டெனிமை, அதாவது ஜீன்ஸ் துணியை, சாய்த்துப் பிடித்தால் பெரும்பாலும் லேசான மேடுபள்ளம் தெரியும். தட்டையாக, சாயம் பூசிய காகிதம் மாதிரி இருந்தால் அனேகமாக ஓ.இ. நூல்.

கோயம்புத்தூரிலிருந்து: செல்வெட்ஜ் என்று சொல்லி இரட்டிப்பு விலை கேட்கிறார்கள். அப்படி அதில் என்னதான் இருக்கிறது மேடம்?

வேட்டிக்குக் கரை இருக்கிறதல்லவா, அதேதான். நாடாத் தறியில் ஊடை நூல், அதாவது குறுக்கே ஓடும் நூல், ஒரு முனைக்குப் போய், திரும்பி, மறுமுனைக்கு வரும். அதனால் ஓரம் தானாகவே கட்டிக்கொள்ளும், பிரியாது. காற்றால் ஊடையைச் செலுத்தும் நவீன ஏர்ஜெட் தறியில் அதை ஒவ்வொரு முறையும் வெட்டிவிடுவதால் ஓரத்தில் பிசிறு நிற்கும். செல்வெட்ஜ் ஜீன்ஸின் காலை மடித்தால் தெரியும் சிவப்புக் கோடு, அந்தக் கரையில் ஓடும் அடையாள நூல்.

விலைக்குக் காரணம், நாடாத் தறி மெதுவாக ஓடும், துணியும் 30 அங்குல அகலம் அளவில்தான் வரும். நவீன தறியில் 60 அங்குலம் வருகிறது. ஆக ஒரு ஜீன்ஸுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம் துணி வேண்டும். அமெரிக்காவில் இதற்குப் பேர்போன கோன் மில்ஸின் ஒயிட் ஓக் ஆலை, வடகரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் 1905 முதல் ஓடி 2017 கடைசியில் மூடப்பட்டது. இன்றைக்கு இந்த வகையில் ஜப்பான்தான் முன்னால் நிற்கிறது. ஒக்கயாமா மாகாணத்தில் கொஜிமா என்று ஓர் ஊர், ஜீன்ஸுக்கென்றே தெரு வைத்திருக்கிறார்கள். அமெரிக்கப் பழைய தறிகளை ஜப்பான்காரர்கள் கப்பலேற்றிக்கொண்டு போனார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது, நம்பாதீர்கள். அங்கே அதிகம் ஓடுவது அவர்களே செய்த டொயோடா தறிகள். இன்று கார் விற்கும் டொயோட்டா அந்தத் தறிக் கம்பெனியிலிருந்து கிளைத்ததுதான். நம் நாட்டில் அகமதாபாத் அர்விந்த் ஆலையும் செல்வெட்ஜ் நெய்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று. கரை இருப்பதால் மட்டும் துணி கூடுதலாக உழைக்காது. நல்ல ரிங் ஸ்பன் நூலில் நெய்த சாதாரண அகலத் துணியும் அதே அளவு வரும். சிவப்புக் கோட்டுக்காக மட்டும் 4,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க நான் தயாரில்லை. துணியும் தையலும் பிடித்திருந்தால் கொடுப்பேன்.

திருச்சியிலிருந்து: எனக்கு 34 எடுத்தால் தொடை இறுக்குகிறது. 36 எடுத்தால் இடுப்பில் பின்பக்கம் கை நுழைகிற அளவு இடைவெளி. உடம்பில் கோளாறா, ஜீன்ஸில் கோளாறா?

உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. தொடைக்கும் பின்பக்கத்துக்கும் பொருந்துவதை எடுங்கள், இடுப்பைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம். நல்ல டெய்லர் பின் நடுவில் பிரித்து ஒன்றரை அங்குலம் வரை உள்ளே பிடித்துக் கொடுப்பார். இறுக்கமான தொடையைத் தளர்த்த எந்த டெய்லராலும் ஆகாது, தையலுக்குள் விட்டுவைத்த துணி அங்கே இருக்காது.

அளவுச் சீட்டில் 34 என்று இருப்பதை நம்பவும் வேண்டாம். டேப் வைத்துப் பார்த்தால் அதுவே 35, 36 வரும். வாடிக்கையாளர் மனம் குளிர அப்படி வைக்கிறார்கள். உங்களிடம் உள்ளதிலேயே சரியாக உட்காரும் ஜீன்ஸைத் தரையில் விரித்து, இடுப்பு, கவட்டியிலிருந்து முன்பட்டி வரை உள்ள உயரம், கவட்டிக்கு ஓர் அங்குலம் கீழே தொடை, முட்டி, கால் வாய், உள்நீளம் என்று ஆறு அளவு எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் வாங்கும்போது இந்த ஆறும்தான் கைகொடுக்கும்.

அந்த இரண்டாவது அளவை, ரைஸ் என்பதை, நம்மில் பலர் கண்டுகொள்வதே இல்லை. அது குறைந்தால் உட்காரும்போது பின்னால் இறங்கும், கூடினால் கவட்டியில் துணி தொங்கும். கடையில் நின்று பார்த்தால் இரண்டும் தெரியாது. குந்தி உட்கார்ந்து எழுந்து பாருங்கள்.

மதுரையிலிருந்து: தினமும் பைக்கில் 40 கிலோமீட்டர் போகிறேன் அக்கா. எத்தனை விலை கொடுத்தாலும் ஒரு வருடத்தில் கவட்டியில் கிழிந்துவிடுகிறது. பேன்ட் மிச்சமெல்லாம் புதுசு மாதிரி இருக்கிறது.

எனக்கு அதிகம் வரும் புகார் இதுதான். நான்கு தையல் கூடும் இடம் அது. இரண்டு தொடையும் உரசுகிறது, பைக் சீட்டும் உரசுகிறது, வியர்வையின் உப்பு இழைக்குள் காய்ந்து மணல் மாதிரி அறுக்கிறது. கவட்டி தொங்கும் ஜீன்ஸாக இருந்தால் மடிப்பு மடிப்பாகத் துணி சேர்ந்து இன்னும் வேகமாகத் தேயும். ஆகவே முதலில் ரைஸ், மேலே சொன்னபடி.

இரண்டாவது, கிழியும் வரை காத்திருக்காதீர்கள். ஓட்டை விழுவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே அந்த இடம் வெளிறும். வெளிச்சத்தில் பிடித்தால் நீல நூல்கள் மெலிந்து வெள்ளை நூல்கள் ஏணிப்படி மாதிரி தெரியும். டெனிமில் நீளவாக்கில் ஓடும் பாவு நீலம், குறுக்கே ஓடும் ஊடை வெள்ளை. பாவு மூன்று ஊடைக்கு மேலாகவும் ஒன்றுக்குக் கீழாகவும் போவதால் உரசலை வாங்குவது பாவுதான். ஏணிப்படி தெரிந்த அன்றே உள்பக்கம் மெல்லிய பருத்தித் துணி வைத்து, நீல நூலில் முன்னும் பின்னுமாக நெருக்கமாகத் தையல் ஓட்டச் சொல்லுங்கள். செலவு சொற்பம். கிழிந்த பிறகு போனால் ஒட்டு வெளியே தெரியும்.

மூன்றாவது, இரண்டு ஜீன்ஸ் வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். பைக்கில் போகிறவர்கள் வியர்வை ஏறிய ஜீன்ஸை அடுத்த நாளும் போடக் கூடாது.

ஈரோட்டிலிருந்து: ஜிப்பா, பட்டனா?

ஜிப். பட்டன் அழகுதான், ஆனால் அவசரத்துக்கு ஆகாது. உலோகப் பல் வைத்த ஜிப்பாக, இழுத்தால் நடுவில் சிக்காததாகப் பார்த்து எடுங்கள்.

சென்னையிலிருந்து: ரா டெனிமை, அதாவது ஆலையில் அலசாமல் வரும் டெனிமை, ஆறு மாதம் துவைக்காமல் போட வேண்டும் என்கிறார்கள். நம் வெயிலில் முடியுமா?

முடியாது, வேண்டவும் வேண்டாம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 2011 வாக்கில் ஒரு மாணவர் 15 மாதம் துவைக்காமல் ஒரே ஜீன்ஸ் போட்டார். பிறகு துவைத்து இரண்டு வாரம் போட்டுப் பார்த்தபோதும் பாக்டீரியா ஏறக்குறைய அதே அளவுதான் இருந்தது. அதை வைத்துப் பலர் பேசுகிறார்கள். அது ஆல்பர்ட்டா குளிர். மே மாதம் மாநகரப் பேருந்தில் நின்று போகிறவர் கதை வேறு, மேலே சொன்ன உப்புக் கதை.

துவைக்காமல் இருக்கச் சொல்வதற்குக் காரணம் இண்டிகோ, ஜீன்ஸின் நீலச் சாயம். அந்தச் சாயம் தண்ணீரில் கரையாது. ரசாயனம் சேர்த்துக் கரைத்து, நூலை முக்கி, காற்றில் காயவிட்டு, மறுபடி முக்கி என்று பல தடவை ஏற்றுவார்கள். அப்படியும் நூலின் நடுவுக்குப் போகாது, மேலே தோல் மாதிரி படிந்திருக்கும். நடு வெள்ளையாகவே இருக்கும். போடப் போட, மடிகிற இடத்தில் அந்தத் தோல் உதிர்ந்து உங்கள் முட்டியின் சுருக்கமும் உங்கள் பர்ஸின் அச்சும் விழும். ரா டெனிம்காரர்களின் சந்தோஷமே அதில்தான் இருக்கிறது. 15 நாளைக்கு ஒரு முறை பச்சைத் தண்ணீரில், உள்பக்கம் திருப்பி, கொஞ்சமாக சோப்புப் போட்டு அலசி நிழலில் காயப் போட்டாலும் அந்தச் சுருக்கம் விழத்தான் செய்யும், கொஞ்சம் மெதுவாக.

உப்பு போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று பாட்டி சொல்லியிருப்பார். இண்டிகோவுக்கு அது வேலை செய்யாது. முதல் சில வாரம் வெள்ளை சோபாவிலும், பழைய காரின் வெளிர் சீட்டிலும் உட்காராதீர்கள், அவ்வளவுதான்.

எடை பார்க்கும்போது, ஒரு சதுர கஜத்துக்கு எத்தனை அவுன்ஸ் என்பதுதான் கணக்கு. சென்னைக்கு 11, 12 போதும். 16 அவுன்ஸ் வாங்கினால் அலமாரியில்தான் தொங்கும். சான்ஃபரைஸ் செய்த, அதாவது ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்கிய துணியா என்றும் கேளுங்கள். செய்யாத துணி முதல் தண்ணீரிலேயே 10 சதவீதம் வரை சுருங்கக் கூடும். நீளம் 32 வாங்கியவர் 29 போட வேண்டி வரும்.

வேலூரிலிருந்து: பெண்களுக்கு ஸ்ட்ரெச் இல்லாத ஜீன்ஸே கிடைப்பதில்லை அக்கா. நான்கு மாதத்தில் முட்டி பலூன் மாதிரி தொங்குகிறது. பாக்கெட்டில் இரண்டு விரல்தான் போகிறது.

பாக்கெட் விஷயத்தில் நானும் உங்கள் கட்சி. ஆலையில் இருந்தபோதே கேட்டிருக்கிறேன், "பெண்கள்தான் ஹேண்ட்பேக் வைத்திருக்கிறார்களே" என்றார்கள்.

ஸ்ட்ரெச்சுக்கு, இழுபடும் நூலான எலாஸ்டேன் எத்தனை சதவீதம் என்று உள்சீட்டில் பாருங்கள். 1 சதவீதம் இருந்தால் உட்கார எழ வசதி, துணியும் டெனிமாகவே இருக்கும். 3, 4 என்று ஏற ஏற லெக்கிங்ஸ் குணம் வந்துவிடும். கடையிலேயே முட்டி இருக்கும் இடத்தைக் குறுக்காக இழுத்துப் பிடித்து, பத்து எண்ணி விடுங்கள். உடனே பழைய நிலைக்கு வர வேண்டும். குழி விழுந்தபடி நின்றால் நான்கு மாதத்தில் என்ன ஆகும் என்று இப்போதே தெரிந்துவிட்டது. வீட்டில் சுடுதண்ணீரும் சூடான இஸ்திரியும் வேண்டாம். எலாஸ்டேனுக்குச் சூடு ஆகாது. ஆண்கள் பிரிவில் உங்கள் அளவு கிடைத்தால் தயங்காமல் எடுங்கள், என்னிடம் இருப்பதில் இரண்டு அப்படித்தான்.

திண்டுக்கல்லிலிருந்து: இரண்டு முறை துவைத்ததும் பக்கத் தையல் முட்டிக்கு முன்னால் திரும்பி வந்துவிட்டது. தைத்தவர் தப்பா?

தைத்தவரைத் திட்டாதீர்கள். டெனிம் சாய்வரி நெசவு, ஈரம் பட்டால் சாய்ந்த பக்கமே முறுக்கிக்கொள்ளும். ஆலையில் துணியை முன்கூட்டியே எதிர்ப்பக்கம் சாய்த்து அடக்கி அனுப்ப வேண்டும், அதைச் சரியாகச் செய்யவில்லை. ரேங்லர் ஜீன்ஸ் கம்பெனிக்காரர்கள் இதற்காகவே சாய்வை இரு பக்கமும் மாற்றி மாற்றி நெய்யும் துணிக்குப் போனார்கள். திரும்பியதை இனிச் சரி செய்ய முடியாது. அடுத்த முறை ஒரு காலைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள், தையல் நேராக இறங்க வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து: வெளிறியது, மீசைக்கோடு விழுந்தது, கிழிசல் வைத்தது, இதெல்லாம் போட்ட ஜீன்ஸ் விலையும் அதிகம். உழைக்குமா?

கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். தொடையில் வெளிறல் வர, மரச்சட்டத்தில் மாட்டிய ஜீன்ஸ் மேல் ஊதா நிறக் கரைசலை அடிப்பார்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட். கொஞ்ச நேரத்தில் பழுப்பாகும், பிறகு வேறொரு ரசாயனத்தில் அலசினால் வெள்ளை வெளேரென்று வரும். மீசைக்கோட்டை, அதாவது தொடை மடிப்பில் வரும் வெளிர் கோடுகளை, எமரித்தாளால் தேய்ப்பார்கள், இப்போது லேசரும் வந்துவிட்டது. பிறகு எரிமலைக் கல்லோடும் என்சைமோடும் பெரிய டிரம்மில் சுற்றும். ஒவ்வொரு கட்டத்திலும் நூல் கொஞ்சம் போகிறது. அலசலுக்கு முன்னும் பின்னும் துணியைக் கிழித்துப் பார்க்கும் சோதனை எங்கள் வேலை. அடர்நீலத்துக்கும் வெளிர்நீலத்துக்கும் நடுவே எண் எப்படி இறங்கும் என்று பார்த்ததிலிருந்து நான் வெளிறியதை வாங்குவதில்லை. மணல் அடித்து வெளிறச் செய்யும் முறை இன்னும் மோசம். அதில் பறக்கும் தூசி தொழிலாளர் நுரையீரலுக்குள் போய் சிலிக்கோசிஸ் வரும். அதனால் துருக்கி 2009இல் தடை செய்தது.

நீண்ட நாள் வேண்டுமென்றால் ஒரே ஒரு அலசல் மட்டும் கொடுத்த அடர்நீலம் எடுங்கள். வெளிறுவதை நீங்களே செய்துகொள்ளலாம், இலவசம்.

மறுபடி சேலத்திலிருந்து: கால் நீளத்தை எங்கே வெட்டுவது அக்கா? கடையில் இலவசம் என்கிறார்கள்.

வாங்கிய அன்றே வெட்டாதீர்கள். இரண்டு முறை துவைத்துக் காயவைத்து, வழக்கமாகப் போடும் செருப்போ ஷூவோ போட்டு நின்று, பிறகு அளவு எடுங்கள். நல்ல ஜீன்ஸில் கால் வாய் சங்கிலித் தையலில் மடித்திருக்கும். துவைக்கத் துவைக்க அது கயிறு மாதிரி முறுக்கி ஏற்ற இறக்கமாக வெளிறும். சாதாரண மெஷினில் அது வராது. சங்கிலித் தையல் மெஷின் உங்கள் ஊரில் யாரிடமும் இல்லையென்றால் பழைய கால் வாயை அப்படியே வைத்து மேலே மடித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். வெட்டின துண்டைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், மதுரைத் தம்பிக்குச் சொன்ன ஒட்டுப் போட அதே நீலம் வேறெங்கும் கிடைக்காது.