அப்பாவோட மறதியும் ஸ்டோர் சத்தமும்

அன்புள்ள அண்ணன்,
நான் தலவாக்கலை பக்கத்து தேயிலைத் தோட்டத்து புள்ள, இப்ப வேலை கொழும்புல. அப்பாவுக்கு 71 வயசு, ஸ்டோர்ல, அதான் தேயிலை பெக்டரில, கொழுந்து அரைக்கிற ரோலர் மிஷின் பக்கம் வேலை செஞ்சு நின்னவரு. ஒரு வருஷமா ஆளு சரியில்ல. ஒன்னு கேட்டா வேற ஒன்னு சொல்றாரு, வாசல் இஸ்தோப்புல தனியா உக்காந்துக்கிறாரு, டீவிய லயத்து வீடு அத்தனைக்கும் கேக்குற மாதிரி வைக்கிறாரு. சீனிக்கும் பிரஷருக்கும் மாசாமாசம் கிளினிக் போறாரு, அங்க கேட்டா வயசு போனா அப்படித்தான்னு சொல்லிட்டாங்க. பேஸ்புக்ல ஞாபகசக்தி பவுடர் ஒன்னு விளம்பரம் வருது, வாங்கவா? வல்லாரை குடுக்கவா? போன்ல மூளை விளையாட்டு இருக்கே, அது பலன் தருமா? அப்பா மூணாம் வகுப்புதான் படிச்சவரு, அதனாலதான் இப்படி ஆகுதா?

தங்கச்சி,

பவுடர் வாங்காதீங்க. வல்லாரை சம்பல் ருசியா இருக்கும், சோத்தோட சாப்பிடட்டும், மருந்துனு நெனச்சு குடுக்க வேணாம். நடக்கச் சொல்லுங்கனு எல்லாரும் சொல்வாங்க, நம்ம ஆளுங்களுக்கு அத புதுசா சொல்லணுமா, கடைக்கு போய் வரவே ஒரு மலை எறங்கி ஏறணும். படிப்பு கேள்விக்கு நான் இன்னைக்கு போகல, அந்த காலத்து தோட்டத்து பள்ளிக்கூடம் ஒத்த வாத்தியாரோட அஞ்சாம் வகுப்புல முடிஞ்சுபோற பள்ளிக்கூடம், அத எழுத ஆரம்பிச்சா கோவம்தான் வரும், வேற ஒன்னும் எழுத முடியாது.

ஆனா நீங்க சாதாரணமா எழுதிட்டு தாண்டிப்போன ரெண்டு வார்த்தைலயே நான் நின்னுட்டேன். ரோலர். டீவி சத்தம். ஏன் தங்கச்சி, இத்தன பேரு இருக்கீங்க, ஒருத்தர்கூடவா அவரு காத பாக்கல?

கொஞ்ச நாளாவே எனக்கு இந்த நெனப்புதான். எங்க பெரியப்பாவும் ஸ்டோர்தான். ரோலரும் டிரையரும் ஓடுறப்ப பக்கத்துல நிக்கிறவன்கிட்ட பேசணும்னாலும் கைசாடைதான். 85 டெசிபலுக்கு மேல ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம், வருஷக்கணக்கா கேட்டா காது கெடும்னு பல நாட்டுல சட்டம் வச்சிருக்காங்க, பெரியப்பா காலத்துல காத அடைக்க பஞ்சுகூட யாரும் குடுக்கல, மிஷின காக்குற சாமி ரோதைமுனிக்கு சூடம் காட்டிட்டு மிஷின போட்டாங்க, அவ்வளவுதான். இந்த மாதிரி சத்தத்துல கெட்ட காதுல மொதல்ல போறது கீச்சு சத்தம். பொம்பளைங்க குரல், புள்ளைங்க குரல், ச, த மாதிரி எழுத்து. சத்தம் கேக்கும், வார்த்தை வெளங்காது. ஆம்பளைங்க கனத்த குரல்ல பேசினா பதில் வரும், மருமக கேட்டா வராது. உடனே என்ன சொல்வாங்க? "காசுன்னா மட்டும் கேக்குது பெருசுக்கு."

பெரியப்பாவுக்கும் அதே பேச்சுதான், அப்புறம் ஒரு ஆஸ்பத்திரிக்கு கூட்டிப் போனாங்க. முகத்துல மாஸ்க், பேசுறது சிங்களம், இன்னைக்கு என்ன நாளுனு கேட்டிருக்காங்க, இவரு தன் வயச சொல்லியிருக்காரு. நூறுல இருந்து ஏழேழா கழிக்கச் சொன்னதுக்கு முழிச்சிருக்காரு. முடிஞ்சிச்சு, புத்தி பெரண்டுருச்சுனு முத்திரை. அன்னையிலருந்து கோயில் கணக்கு கைய விட்டுப் போச்சு, வீட்டுல ஒரு நல்லது கெட்டதுக்கு அவருகிட்ட யாரும் கேக்கல. பேச ஆளில்லாத மனுஷன் என்ன செய்வாரு, இஸ்தோப்புதான்.

இது என் சொந்த புலம்பல்னு நெனைக்காதீங்க. லான்செட் மருத்துவ இதழோட டிமென்ஷியா (மறதி நோய்) கமிஷன் 2024ல ஒரு அறிக்கை விட்டுச்சு. சரிபண்ணக்கூடிய காரணம் 14, அத்தனையையும் சரிபண்ணினா உலகத்துல டிமென்ஷியா கேஸ்ல 45% கிட்ட தடுக்கலாம், இல்லாட்டி தள்ளிப்போடலாம்னு கணக்கு. சீனி, பிரஷர், சிகரெட், குடி, தனிமை எல்லாம் அதுல இருக்கு. எல்லாத்துலயும் பெருசு ரெண்டு: நடுவயசுல கெட்ட கொலஸ்ட்ரோல் 7%, காது கேக்காம போறது 7%. காது மங்கினா மூளை பாதி வார்த்தைய ஊகிச்சே களைச்சுப்போகுது, மிச்சத்த ஞாபகம் வைக்க தெம்பில்லனு ஒரு விளக்கம் சொல்றாங்க. அதோட காதுக்குள்ளயே போகாத விஷயத்த ஒருத்தரு எப்படி தங்கச்சி மறக்க முடியும்?

காதுக்கு மிஷின் மாட்டினா எல்லாம் சரியாயிடும்னு சொல்ல மாட்டேன். அமெரிக்காவுல 70லருந்து 84 வயசு வரைக்கும் 977 பேரை வச்சு மூணு வருஷம் பாத்து 2023ல முடிவு சொன்னாங்க, எல்லாரையும் சேத்துப் பாத்தா மிஷின் குடுத்தவங்களுக்கும் குடுக்காதவங்களுக்கும் மறதில வித்தியாசமே இல்ல. ஆனா ஏற்கனவே சீனி, பிரஷர்னு ஆபத்து கூடின கூட்டத்துல மட்டும் பாத்தா மறதி கூடுற வேகம் 48% கொறஞ்சிருந்திச்சு. உங்கப்பாவுக்கு ரெண்டும் இருக்கு.

பெரியப்பாவுக்கு தோட்டத்துல மருந்து குடுக்குற டிஸ்பென்சர் ஐயாதான் காதுக்குள்ள எட்டிப் பாத்தாரு. உள்ள கல்லு மாதிரி குறும்பி. அத எடுத்து, பொறவு மகன் கடன் வாங்கி மிஷினும் போட்டாரு. போட்டதும் மனுஷன் செஞ்ச மொத வேலை கோயில் கமிட்டிக்காரனோட சண்டை. வீடே சந்தோஷப்பட்டுச்சு. விசிலடிக்குதுனு பாதி நாளு மிஷின கழட்டி பேணிக்குள்ள போட்டுருவாரு, கடைசி வருஷத்துல நெசமாவே மறதி வந்து என் பேரும் மறந்துச்சு, ஆனா நடுவுல சில வருஷம் நல்லா சண்டை போட்டாரு.

இப்ப உங்களுக்கு ஒரு திட்டு. கொழும்புல இருந்து போன் எடுத்து அம்மாகிட்ட "அப்பா எப்படி"னு கேட்டுட்டு வச்சிடுறீங்கதானே? கிளினிக்ல அவர கேட்டா அம்மா முந்திக்கிட்டு பதில் சொல்றாங்கதானே? வீடியோ கோல் எடுங்க, உங்க வாய் அவருக்கு தெரியட்டும், மெதுவா பேசுங்க, கத்தாதீங்க. டீவிய நிப்பாட்டிட்டு பேசச் சொல்லுங்க வீட்டுல.

அடுத்த லீவுல காது கிளினிக் இருக்குற பெரிய ஆஸ்பத்திரிக்கு, கண்டிக்காவது, கூட்டிட்டுப் போங்க, பவுடர் காசு ஓட்டோவுக்கு ஆகும். ரத்தத்துல தைரொய்டும் விட்டமின் பி12ம் பாக்கச் சொல்லுங்க, சீனிக்கு மெட்போர்மின் வருஷக்கணக்கா குடிச்சா பி12 கொறையலாம், அதுலயும் மறதி வரும், அது ஊசிலயோ குளுசைலயோ சரியாகக்கூடிய மறதி. அதுக்காக சீனி மருந்த நீங்களா நிப்பாட்டிடாதீங்க. காது சோதிச்ச பொறவு எனக்கு எழுதுங்க. போன் விளையாட்டு பத்தியும் கேட்டிருந்தீங்க, அவருக்கு புடிச்சா விளையாடட்டும், ஆனா கூட ஒருத்தர் உக்காந்து விளையாடுங்க.