அடுப்படி உடைக்கும்போது வீட்டிலேயே இருக்கலாமா?
கோலாலம்பூர் செந்தூலில் உள்ள அடுக்குமாடி வீட்டில் அடுப்படி வேலை நடக்கப்போகிறது, அம்மா வெளிச் சாப்பாடு தொடமாட்டார், வேறு வீடு எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க, வீண் செலவு. டைல்ஸ் உடைக்கும் நாட்களில் மட்டும் அம்மாவை உறவினர் வீட்டில் விடுங்கள், அந்தத் தூசி பிளாஸ்டிக் தாள் ஒட்டினாலும் படுக்கையறை வரை வரும். ஹாலில் இண்டக்‌ஷன் அடுப்பும் ரைஸ் குக்கரும் போதும். ஆனால் அடுப்பையும் கெட்டிலையும் ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டாதீர்கள், நம் ஊர் பிளக் தாங்குவது 13 ஆம்பியர்தான், அதாவது சுமார் 3000 வாட்; இவை ஒவ்வொன்றும் 2000 வாட் வரை இழுக்கும். தாளிப்பது பால்கனியில், இல்லாவிட்டால் சோபாவெல்லாம் கறிவேப்பிலை வாசம்தான்! உண்மையான தொல்லை பாத்திரம் கழுவுவது. சிங்க்கைக் கடைசியாகக் கழற்றும்படி கான்ட்ராக்டரிடம் இப்போதே பேசிவிடுங்கள், அப்புறம் குளியலறையில் கழுவும் நாட்களில் வடிகாலில் சல்லடை வையுங்கள்.