கருங்கடல் கோதுமையும் நிவாரணக் கொள்முதலும்: சில கேள்விகள், பதில்கள்

தானிய வர்த்தகத்திலும் பிறகு நிவாரணக் கொள்முதலிலும் வேலை பார்த்தவன் என்பதால் பலரும் கேட்டிருந்தார்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

2022-ல் ரஷ்யப் போரால் முடங்கிய உக்ரைன் துறைமுகங்களைத் திறந்தது பட்டினி நாடுகளுக்காக என்றார்கள். கடைசியில் தானியம் சீனாவுக்கும் ஸ்பெயினுக்கும்தானே போனது, ஐயா?

அதிகம் வாங்கியது அந்த இரண்டு நாடுகள்தான். 2022 ஜூலை 22-ல் இஸ்தான்புல்லில் கையெழுத்தான ஒப்பந்தம் 2023 ஜூலை 17 வரை நீடித்தது. ஒடேசா, சோர்னோமோர்ஸ்க், பிவ்டென்னி ஆகிய மூன்று துறைமுகங்களிலிருந்து ஏறக்குறைய 3.3 கோடி டன் வெளியே வந்தது. அதில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் ஏற்றியது சுமார் 7.25 லட்சம் டன் கோதுமை, அதாவது நூற்றுக்கு இரண்டு சொச்சம்.

ஆனால் அது வணிக ஏற்றுமதிக்கான ஒப்பந்தம். யாருக்கு விற்க வேண்டும் என்று அதில் எழுதப்படவில்லை. சரக்கு எங்கே இறங்கினாலும் சந்தையில் இறுக்கம் தளரும், விலை இறங்கும் என்பதுதான் கணக்கு. விலை இறங்கவும் செய்தது. முழுப் பெருமையையும் ஒப்பந்தத்துக்குக் கொடுக்க மாட்டேன். உலக உணவு விலைக் குறியீடு 2022 மார்ச்சில் உச்சம் தொட்டு, கையெழுத்துக்கு முன்பே இறங்கத் தொடங்கியிருந்தது. இன்னொன்று, டாலர் விலை இறங்கினாலும் எகிப்து, பாகிஸ்தான், இலங்கை போல நாணய மதிப்பு சரிந்த நாடுகளில் கடை விலை அதே அளவு இறங்கவில்லை. கையில் காசே இல்லாத குடும்பத்துக்கு அந்த நூற்றுக்கு இரண்டுதான் சோறு. அதனால் அதைச் சின்ன எண் என்று தள்ள எனக்கு மனம் வராது.

நிவாரண அமைப்புகள் எல்லாம் சேர்ந்து உட்கார்ந்து பேசிக்கொள்கின்றன. வியாபாரிகள் அப்படிச் செய்தால் கூட்டுச் சதி என்கிறோம். என்ன வித்தியாசம்?

நல்ல கேள்வி. எதைப் பகிர்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். ஐந்து அமைப்புகள் ஒரே வாரத்தில் ஒரே ஊரில் லாரி தேடினால் வாடகை ஏறும், கூடுதல் பணம் யார் வயிற்றுக்கும் போகாது. இதைத் தவிர்க்கத்தான் 2005-க்குப் பிறகு பெரிய பேரிடர்களில் போக்குவரத்துக்கென்று ஒரு பொதுக் குழு வந்தது. உலக உணவுத் திட்டம் அதை முன்நின்று நடத்துகிறது. எந்தப் பாலம் உடைந்தது, எந்தக் கிடங்கில் இடம் இருக்கிறது, சுங்கத்தில் எது தேங்குகிறது என்பதையெல்லாம் அங்கே தாராளமாகப் பேசலாம், பேசவும் வேண்டும்.

விற்பவர் கொடுத்த விலை மட்டும் அந்த மேசைக்கு வரக்கூடாது. இந்த அமைப்புக்கு என்ன விலை கொடுத்தார் என்று அடுத்த விற்பனையாளருக்குக் கசிந்தால், மறுமுறை அதை ஒட்டியே விலை வரும். மூடிய டெண்டரைப் பிரிக்கும்போது சில அடையாளங்களைப் பார்ப்போம்: இரண்டு கம்பெனிகளின் கடிதத்தில் ஒரே எழுத்துப்பிழை, விலைகளுக்கு நடுவே எப்போதும் ஒரே அளவு இடைவெளி, தோற்றவருக்கே பிறகு துணை ஒப்பந்தம். இதில் ஒன்று கண்ணில் பட்டாலும் மொத்த டெண்டரையும் நிறுத்தி விசாரிக்க வேண்டும். நிவாரணம் அவசரம் என்று சொல்லித்தான் இதைக் கடந்துபோகச் சொல்வார்கள். கடந்துபோகக் கூடாது.

ஒரு கப்பல் கோதுமை மக்களிடம் போய்ச் சேர என்னென்ன நடக்கும் சார்?

2022 ஆகஸ்டில் பிவ்டென்னியில் புறப்பட்ட ‘பிரேவ் கமாண்டர்’ கப்பலையே எடுத்துக்கொள்ளுங்கள். 23,000 டன் கோதுமை, எத்தியோப்பியாவுக்கு. அந்த நாட்டுக்குக் கடற்கரை கிடையாது, அதனால் ஜிபூட்டியில் இறக்க வேண்டும். 50 கிலோ மூட்டையாகக் கட்டினால் 4.6 லட்சம் மூட்டை. லாரிக்கு 40 டன் என்று வைத்தாலும் 575 நடை. வழியில் சாக்கு கிழியும், அதற்காகவே காலிச் சாக்குகளை உபரியாகச் சேர்த்து வாங்குவது வழக்கம். லாரி வரத் தாமதித்தால் மூட்டை துறைமுகத்தில் குவியும், கப்பல் காத்து நிற்க நேர்ந்தால் டெமரேஜ், அதாவது கப்பல் தாமதக் கட்டணம், ஓடும். அதனால் கோதுமையை மலிவாக வாங்கிவிட்டு லாரி ஒப்பந்தத்தில் கோட்டை விட்டால் மிச்சம் பிடித்தது எல்லாம் போய்விடும்.

நாலு பெரிய கம்பெனிகள் கையில்தானே உலகத் தானியம் இருக்கிறது? இதில் நியாயமான போட்டி எங்கே?

ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் (ஏ.டி.எம்.), பங்கி, கார்கில், லூயி டிரைஃபஸ். இன்று சீனாவின் காஃப்கோவையும் சேர்க்க வேண்டும். இவர்களுடைய பலம் பணம் மட்டுமல்ல, தகவலும்தான். எந்த ஊரில் என்ன விளைந்தது, எந்த சைலோ (தானியக் கோபுரக் கிடங்கு) நிறைந்தது என்பது அவர்களுக்கு முதலில் தெரியும். பங்கி, வைட்டெர்ரா என்ற இன்னொரு தானியக் கம்பெனியை வாங்கியபோது ஐரோப்பிய ஆணையம், ஹங்கேரியிலும் போலந்திலும் வைட்டெர்ராவின் எண்ணெய்வித்துத் தொழிலை விற்கச் சொல்லி 2024-ல் அனுமதித்தது. 2025 ஜூலையில் இணைப்பு முடிந்தது. நிபந்தனை சரிதான். ஆனாலும் எனக்குக் கவலை இருக்கிறது. ஒரு வட்டாரத்தில் வாங்குபவர் ஒருவர் குறைந்தால் விவசாயிக்குப் பேரம் பேச இடம் குறைகிறது, எங்கள் டெண்டருக்கும் ஒரு உறை குறைவாக வருகிறது.

இந்தியா கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தது நிவாரணத்தையும் பாதித்ததா?

தடை வந்தது 2022 மே 13. அடுத்த மாதமே ஜெனீவாவில் உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் கூடி, உலக உணவுத் திட்டம் மனிதாபிமானத் தேவைக்கு வாங்கும் உணவுக்கு ஏற்றுமதித் தடை போடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். சொந்த நாட்டு உணவுப் பாதுகாப்புக்கான நடவடிக்கைகளுக்கு அதில் இடம் விட்டிருக்கிறார்கள். அந்த ஓட்டை பெரியது என்பது என் கருத்து. தடைக்கு முன்பே, 2022 பிப்ரவரியில், அட்டாரி எல்லை வழியாக ஆப்கானிஸ்தானுக்குக் கோதுமை அனுப்ப ஆரம்பித்த நாடும் இந்தியாதான்.

விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம். எங்களைப் போன்றவர்கள் இந்த டெண்டரில் கலந்துகொள்ளலாமா அண்ணாச்சி?

தாராளமாக. பதிவு செய்ய வேண்டும், தணிக்கை செய்த கணக்கு, வங்கி உத்தரவாதம் கேட்பார்கள். சரக்கை நீங்கள் நியமிக்காத ஆய்வாளர் வந்து மூட்டையில் குத்தூசி விட்டுப் பார்ப்பார், ஈரப்பதம் கூடினால் திருப்பி விடுவார். முதல் தடவை உங்களால் நிச்சயம் தர முடிந்த அளவுக்கு மட்டும் விலை போடுங்கள். அப்புறம், பக்கத்துக் கடைக்காரரிடம் “நீங்க என்ன விலை போடுறீங்க?” என்று போனில் கேட்டுவிடாதீர்கள். மார்க்கெட்டில் அது தினசரிப் பேச்சு. இங்கே உங்கள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க அது ஒன்றே போதும்.