கூப்பிடு தூரம்

வணக்கம் அக்கா,

நான் சேலத்தில் கட்டடக்கலை இறுதியாண்டு படிக்கிறேன். சேலம் மாதிரி ஒரு ஊருக்கு நவீன நீதிமன்றம் வடிவமைப்பதுதான் என் ப்ராஜெக்ட். நீதி வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று முகப்பு முழுக்கக் கண்ணாடி வைத்து வரைந்தேன். ஒரு ஆசிரியர், கோர்ட் என்றால் குவிமாடமும் தூணும் வேண்டும், பார்த்ததும் மரியாதை வரணும் என்கிறார். இன்னொருவர், எல்லாம் ஆன்லைனில் போகிறது, பெரிய கட்டடம் எதற்கு என்கிறார். நீங்கள் பெரியம்மாவோடு கோர்ட்டுக்கு அலைந்ததை முன்பு எழுதியிருந்தீர்கள். ஒரு கோர்ட்டுக்கு முதலில் வேண்டியது என்ன?

ஆர்., சேலம்

அன்புள்ள ஆர்.,

வராந்தா. நிழலும் காற்றும் உள்ள, உட்கார பெஞ்சு போட்ட, அகலமான வராந்தா. அதில் எந்த மூலையில் உட்கார்ந்திருந்தாலும் தன் பெயரைக் கூப்பிடுவது காதில் விழ வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

பெரியம்மாவின் பாகப்பிரிவினை வழக்கு ஒரு தாலுகா ஊர் கோர்ட்டில் நடந்தது. அங்கே உட்கார இடமே கிடையாது. கோர்ட் ஹாலுக்கு வெளியே இருந்த நடை நாலடி அகலம்கூட இருக்காது, அதிலும் பாதியை உடைந்த பீரோவும் பழைய கட்டுகளும் அடைத்திருக்கும், மீதியில் வக்கீல்களும் குமாஸ்தாக்களும் போலீஸ்காரர்களும் இடித்துக்கொண்டு போவார்கள். முட்டி வலியோடு எவ்வளவு நேரம் நிற்பது? பெரியம்மா காம்பவுண்டு ஓரப் புளியமரத்தடிக்குப் போய், செருப்பைக் கழற்றி அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். பத்திர நகல் வைத்த மஞ்சப்பை மடியில் இருக்கும். ஒரு வாய்தாவுக்கு நான் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தேன். வக்கீல் வேறொரு கோர்ட்டில் நின்றிருந்தார். பெயர் கூப்பிடும் கோர்ட் ஊழியரான டவாலி வாசலில் வந்து மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறார். மரத்தடிக்கு அது எட்டவில்லை. வாதி ஆஜராகவில்லை என்று வழக்கு தள்ளுபடி. அதை மறுபடி கோப்பில் எடுக்க மனுப் போட்டு, அதற்கு எதிர்த்தரப்பு பதில் போட்டு, ஏழெட்டு மாதம் ஓடிவிட்டது. "நான் அங்கயேதான கண்ணு இருந்தேன்" என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

கூப்பிடு தூரம் என்று நாம் சும்மா பேச்சில் சொல்வோமே, உங்கள் வரைபடத்துக்கு அதையே அளவுகோலாக வையுங்கள். ஒலிபெருக்கி வைக்கலாம், நம்பர் ஓடும் திரையும் வைக்கலாம், நல்லதுதான். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவரும், கண் மங்கியவரும், காது மந்தமானவரும் அங்கே வருவார்கள். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலத்தில் கோர்ட் இருக்கும் அஸ்தம்பட்டிக்கு வந்து சேர்கிறவர் வெறும் வயிற்றோடு வந்திருப்பார், பாதிப் பேர் பஸ்ஸில் வாந்தி எடுத்திருப்பார்கள். ஹாலும் காத்திருக்கும் இடமும் ஒட்டியே இருந்தால் டவாலியின் குரலே போதும்.

பெரிய ஆட்களும் இதைத் தவறவிட்டிருக்கிறார்கள். லெ கொர்பூசியே வடிவமைத்து 1955இல் முடிந்த சண்டிகர் உயர் நீதிமன்றத்தைப் பாடத்தில் பார்த்திருப்பீர்கள். மேலே குடை மாதிரி விரிந்த கூரையோடு அழகான கட்டடம். ஆனால் ஹால்களுக்கு வெளியே நிற்பவர்கள் வெயிலிலும் மழையிலும் நிற்க வேண்டியிருந்தது, பிறகுதான் அங்கே ஒரு வராந்தா சேர்த்தார்கள். அதே கட்டடத்தில் கொர்பூசியே சரியாக யோசித்த ஒன்றும் உண்டு. கான்கிரீட் ஹாலில் பேச்சு எதிரொலிக்கும் என்பதால், சுவரில் மாட்டப் பெரிய பெரிய நெய்த திரைகளைத் தானே வரைந்து கொடுத்தார். நமக்குப் பக்கத்தில் பவானியில் ஜமக்காளம் நெய்கிறார்கள். உங்கள் கோர்ட் ஹால் சுவரில் ஏன் அது தொங்கக் கூடாது? பருத்தி தடிமனாக இருக்கும், எதிரொலியை வாங்கிக்கொள்ளும், அந்தக் கோடு போட்ட சிவப்பும் பச்சையும் நம் ஊர்க் கண்ணுக்குப் பழகிய நிறம்.

கண்ணாடிக்கு வருகிறேன். உங்கள் எண்ணம் நல்ல எண்ணம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 327ஆம் பிரிவே, விசாரணை நடக்கும் இடம் திறந்த நீதிமன்றமாக இருக்க வேண்டும், கொள்கிற அளவுக்குப் பொதுமக்கள் உள்ளே வரலாம் என்றுதான் சொன்னது. வருகிறவர் உள்ளே உட்கார்ந்து, சாட்சி சொல்வதையும் நீதிபதி கேட்பதையும் காதால் கேட்க முடிந்தால்தான் அது திறந்த நீதிமன்றம். இப்போது பல ஹால்களில் ஃபேன் சத்தத்தில் மூன்றாவது வரிசைக்கே ஒன்றும் கேட்பதில்லை. சேலத்துச் சித்திரை வெயிலில் மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவர் வைத்தால் பத்து மாதத்தில் உள்பக்கம் நியூஸ் பேப்பர் ஒட்டிவிடுவார்கள். மேற்கில் ரெக்கார்டு ரூமை, படிக்கட்டை வையுங்கள், தடித்த சுவர் எழுப்புங்கள். ஹாலுக்கு வடக்கு வெளிச்சம் கொடுங்கள்.

குவிமாடம் கேட்கும் ஆசிரியரிடம், 1892இல் திறந்த சென்னை உயர் நீதிமன்றத்தில் குவிமாடங்களோடு நீள நீளமான தாழ்வாரங்களும் இருக்கின்றன என்று சொல்லுங்கள். அவர் கேட்கும் மரியாதை அந்தத் தாழ்வாரத்திலும் இருக்கிறது.

நீதிபதி, கைதி, பொதுமக்கள் மூவருக்கும் தனித்தனி வழி வேண்டும் என்று உங்களுக்கு வகுப்பிலேயே சொல்லியிருப்பார்கள். நான் நாலாவதாக ஒன்று கேட்பேன். சாட்சிக்கு ஒரு வழி. எதிரியின் அண்ணன் தம்பிகள் நிற்கும் அதே நடையில், அதே டீக்கடை முன்னால் நாள் முழுக்கக் காத்திருந்துவிட்டுக் கூண்டில் ஏறுகிற பெண் என்ன சொல்வாள்? யாரும் மிரட்டவே வேண்டாம், ஒரு பார்வை போதும். குழந்தைகள் விஷயத்தில் 2012இன் போக்சோ சட்டம், சாட்சி சொல்லும்போது குழந்தையின் கண்ணில் குற்றம்சாட்டப்பட்டவர் படக் கூடாது என்கிறது. ஹாலுக்குள் திரை கட்டிவிடலாம், சரி. ஆட்டோவில் இறங்கும் இடத்தில் பட்டுவிட்டால்? அதனால் அந்த வழியைக் கேட்டிலிருந்தே வரையுங்கள்.

கழிப்பறையை மூலையில் ஒரு சின்னக் கட்டமாகப் போட்டு முடிக்காதீர்கள். ஆண், பெண், மாற்றுத்திறனாளி, திருநர் எல்லோருக்கும் எல்லா நீதிமன்ற வளாகத்திலும் கழிப்பறை வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே உத்தரவு போட வேண்டியிருந்தது. பெரியம்மா வாய்தா நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டார். ஏன் என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. அது வராந்தாவிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில், அங்கிருந்தும் கூப்பிடுவது கேட்கிற தூரத்தில் இருக்கட்டும்.

ஆன்லைன் பற்றி: காவல் நீட்டிப்பைச் சிறையிலிருந்தே வீடியோவில் முடிக்கலாம், மனுவை இ-ஃபைலிங்கில் போடலாம். கூட்டம் கொஞ்சம் குறையும். குறையும் இடத்தை வராந்தாவுக்குக் கொடுங்கள். சாட்சி சொல்லவும், ஜாமீனுக்குக் கையெழுத்துப் போடவும், குழந்தையை யாரிடம் விடுவது என்று கேட்கவும் மனிதர்கள் நேரில் வந்துகொண்டுதான் இருப்பார்கள்.

அப்புறம், திரும்ப வரைவதற்கு முன் ஒரு நாள் காலை பத்து மணிக்கே அஸ்தம்பட்டிக்குப் போய், சாயங்காலம் வரை வெளியே இருங்கள். வக்கீலோடு பேச வேண்டாம், காத்திருக்கிறவர்களோடு இருங்கள். யார் எங்கே உட்காருகிறார்கள், சோற்றை எங்கே வைத்துச் சாப்பிடுகிறார்கள், பெயர் கூப்பிட்டதும் எத்தனை பேர் கிட்டே போய் "யாரைக் கூப்பிட்டாங்க?" என்று பக்கத்து ஆளைக் கேட்கிறார்கள் என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். அந்த நோட்டையும் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா