கடற்கரை வீட்டில் நிற்கும் கார்: கேட்டவர்களும் என் பதில்களும்

திருகோணமலை உவர்மலையில் நெடுங்காலம் கராஜ் நடத்தியவன் நான். வெளியில் நிறுத்திவைக்கும் வாகனத்தைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். கேள்விகள் குவிந்துவிட்டன.

நிலாவெளித் தம்பி ஒருவர்: கனடாவுக்குப் போகிறேன் அண்ணை. இரண்டு வருடம் அல்டோ முற்றத்தில்தான் நிற்கும், கடல் பக்கத்தில். தறப்பாளால் மூடிக் கட்டிவிட்டுப் போகலாமா?

வேண்டாம் தம்பி. நீங்கள் மழைக்குப் பயப்படுகிறீர்கள், நான் உப்புக்குப் பயப்படுகிறேன். காற்றில் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்போடு வரும் மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 வீதமே போதும். நம்மூர் இரவில் இது ஒரு பெரிய விஷயமா? மழை இல்லாமலே கார் நனைந்துகொண்டுதான் இருக்கும். தறப்பாள் அந்த ஈரத்தை வெளியேற விடாது. வாடை அடிக்கும்போது படபடவென்று அடித்துப் பெயின்ரையும் உரசிவிடும்.

மேலே தகரக் கூரை, நாலு பக்கமும் திறந்த கொட்டகை. அதுதான் நல்லது. கீழே கொங்கிறீட் இருக்கட்டும், மணலும் புல்லும் அடியிலிருந்து ஈரம் விடும். தென்னைக்குக் கீழே நிறுத்துவதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. போவதற்கு முன் அடிப்பாகத்தையும் சில்லு வளைவுகளையும் நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீர் என்றால் கழுவாமல் விடுவதே மேல். கதவுகளின் அடியில் சிறு துளைகள் இருக்கும், அவை அடைபட்டிருந்தால் குத்தித் திறந்துவிடுங்கள், கதவு கறள் பிடிப்பது அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு மேலே மெழுகு, அடியில் மெழுகு கலந்த கறள் தடுப்புப் பூச்சு. ஹாண்ட் பிறேக்கை இழுக்காதீர்கள், ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டுச் சில்லுக்குக் கட்டை வையுங்கள்.

உப்புவெளி: பற்றறியை என்ன செய்வது?

கழற்றி வீட்டுக்குள் வையுங்கள், மாதம் ஒருமுறை சார்ஜ் செய்யுங்கள். 12.4 வோல்ற்றுக்குக் கீழே விழவிட்டால் மெல்ல மெல்லச் செத்துவிடும்.

கன்னியா: அப்பா ஒவ்வொரு ஞாயிறும் ஐந்து நிமிடம் ஸ்ராட் பண்ணி வைக்கிறார். போதும்தானே?

அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அவர் செய்வது கெடுதல். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகும். எஞ்சின் நன்றாகச் சூடாகி ஓடினால் அது ஆவியாகப் போய்விடும். ஐந்து நிமிடத்தில் சைலன்சருக்குள்ளும் ஒயிலுக்குள்ளும் தங்கிவிடும். ஓட்டுவதென்றால் அரை மணி நேரம் றோட்டில் ஓட்டட்டும், இல்லாவிட்டால் தொடவே வேண்டாம்.

தம்பலகாமம்: எங்களுடையது ஹைபிரிட்.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓட்ட ஒருவரை ஒழுங்கு செய்யுங்கள்.

மூதூரிலிருந்து கடற்றொழில் செய்யும் ஐயா ஒருவர்: நாங்கள் மரவள்ளத்துக்குச் சுறா எண்ணெய்தான் பூசினோம். காருக்கும் அதைப் பூசினால் என்ன?

சிரிக்கத்தான் போனேன், சிரிக்க முடியவில்லை. ரொபேட் ஃபெர்கசன் என்ற கப்பல் தலைவர், கறள் பிடித்த தளத்தில் சிந்திய மீன் எண்ணெய் கறளை நிறுத்தியதைக் கண்டார். 1921இல் அமெரிக்காவில் ரஸ்ட்-ஓலியம் நிறுவனம் பிறந்தது அதிலிருந்துதான். ஆனால் அவர் நாற்றம் போகவும், பூச்சு காய்ந்து படலமாகவும் நிறைய மெனக்கெட்டார். பச்சை எண்ணெயைப் பூசினால் ஊர்ப் பூனை முழுக்க உங்கள் முற்றத்தில்தான்.

இதற்குள் கிண்ணியாக்காரர் ஒருவர், பழைய எஞ்சின் ஒயில் அடித்த வாப்பாவின் மொரிஸ் மைனர் இன்றும் ஓடுகிறது என்று குறுக்கே வந்தார். மொரிஸ் மைனர் தன் ஒயிலைத் தானே ஒழுகவிட்டு அடியெல்லாம் பூசிக்கொள்ளும் வண்டி, தம்பி! இன்றைய கார்களின் றபர் புஷ்களை ஒயில் ஊதவைக்கும். மழைக்குக் கழுவுப்பட்டு உங்கள் கிணற்றுக்கும் போகும். மூதூர் ஐயா விடவில்லை: "கடலை அறிந்தவன் நானா, நீரா?" அதற்கு என்னிடம் பதிலில்லை.

கோட்டையடி: மான்கள் வந்து காரில் உரசுகின்றன.

வேலி.

சீனக்குடா: வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வேண்டுமா?

பிரதேச செயலகத்தில் கேளுங்கள். நான் மெக்கானிக்.

குச்சவெளி: நீலத் தறப்பாளா, பச்சைத் தறப்பாளா நல்லது?

மேலே வாசியுங்கள்.

இன்னொருவர், நிலாவெளி: தறப்பாளுக்குக் கீழே பழைய பெட்ஷீற் போட்டால்?

ஈரப் பெட்ஷீற்றைக் காருக்குப் போர்த்தியது போலிருக்கும்.

கடைசியில் மூதூர் ஐயாவோடு ஓர் ஒப்பந்தம். என் கராஜில் கழற்றிக் கிடக்கும் ஒரு பொனற்றில் பாதிக்கு அவருடைய சுறா எண்ணெய், பாதிக்கு என் மெழுகு. ஐப்பசியில் வெளியில் வைக்கிறோம், மாசியில் திருப்பிப் பார்க்கிறோம். பூனை நக்கினால் நான் பொறுப்பில்லை.